காவாய பாத்துட்டு கடலுக்கு போங்க

லுக்குட்லேருந்து பிடி (மலேசியாவுல போர்ட் டிக்சன்) கடற்கரைக்கு மோட்டோவுல போனா இருவது நிமிஷம் கூட ஆவாது. அதனால எங்க தோட்டத்து ஜனங்களுக்கு கடல்னா பக்கத்து வீடு மாதிரிதான், பொறந்த நாளுனாலும் அங்கதான், ஸ்கூல் லீவுனாலும் அங்கதான், செத்தவங்களுக்கு காரியம் செஞ்சு அஸ்தி கரைக்கிறதும் அங்கதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு லீவுல எங்க தங்கச்சி பேரப்புள்ளைங்க அஞ்சு பேரும் காலையிலயே தண்ணியில எறங்குனாங்க. மொத நாள் ராத்திரி பேய் மழ. காவா வந்து கடல்ல சேர்ற எடத்துல ஆழம் கம்மி, அலையும் இல்ல, சின்னப் புள்ளைங்களுக்கு அதான் சேப்டினு நெனச்சு நாங்களே அங்க உக்கார வச்சோம். ரெண்டு நாள்ல மூணு பேருக்கு வயித்தால போச்சு, ஒருத்தனுக்கு காதுல சீழ் வந்துருச்சு. தண்ணியாலதான்னு என்னால அடிச்சு சொல்ல முடியாது. ஆனா 19 வருஷம் செம்பன (பாமாயில்) மில்லு லேப்ல கழிவுத் தண்ணி டெஸ்ட் பண்ண ஆளு நான், அந்த காவா எங்கேருந்து வருதுனு ஒரு நாள் கூட நடந்து போயி பாத்ததில்ல, அது மனச அறுத்துக்கிட்டே இருந்துச்சு.

அதுக்கப்புறம் ஆரம்பிச்சதுதான் இது. இப்ப ஆறு பேரு சேந்து மாசம் ரெண்டு தடவ தண்ணி பாக்குறோம், அதுல ரெண்டு பேரு தமிழ்ப்பள்ளி டீச்சருங்க, ஒருத்தரு மீன் புடிக்கிற அண்ணே. எங்க அனுபவத்துல என்னெல்லாம் செய்யலாம், எத செய்யக்கூடாதுனு எழுதுறேன், பிடின்னு இல்ல, மோரிப்போ பாகான் டத்தோவோ எங்க இருந்தாலும் இதே மொறதான்.

மொதல்ல நடங்க

கருவி எதுவும் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கெழம பூட்ஸ் போட்டுக்கிட்டு காவா கடல்ல விழுற எடத்துலேருந்து பின்னால நடந்து போங்க. எங்க எந்த பைப்பு வந்து சேருது, எந்த சாப்பாட்டுக்கட பின்பக்கம் எண்ண தண்ணி ஊத்துது, எங்க மாடு கட்டியிருக்கு, எங்க தோட்டத்து வாய்க்கா கலக்குது, எல்லாத்தையும் ஒரு தாள்ல வரைஞ்சிக்குங்க. கடற்கரையில நீங்க பாக்குற அழுக்குல பெரும்பங்கு தரையிலேருந்து வர்றதுதான். எங்க ஏரியாவுல செம்பன நெரைக்கு நடுவுல ஓடுற வாய்க்கா, தாமான் (குடியிருப்பு) சாக்கட, கட வரிச, மாட்டுப்பட்டி எல்லாம் சேந்து கடசியில கடலுக்குத்தான் போவுது. இந்த படம் கையில இல்லாம தண்ணிய மட்டும் டெஸ்ட் பண்ணா கிருமி எவ்ளோனு நம்பர் வரும், அது யாரு வீட்டுலேருந்து வந்துச்சுனு தெரியாது.

நடக்கும்போது மூணு விஷயத்துல ஜாக்கிரதையா இருங்க. கால்ல புண்ணு இருந்தா காவாய்ல எறங்காதீங்க, எலி மூத்திரத்துல வர்ற லெப்தோ காய்ச்சல் இந்த மாதிரி தண்ணியிலதான் ஒட்டும். ஆத்து வாய்லயும் எறங்காதீங்க, சுங்கை லிங்கி ஆத்துல மொதல இருக்கு, கரையில நின்னு கயித்துல வாளி கட்டி எடுத்தா போதும். ட்ரம்மு கிடந்தாலோ மூக்க எரிக்கிற வாட வந்தாலோ கிட்ட போயி மோந்து பாக்குற வேலையே வேணாம். 2019 மார்ச்ல பாசிர் கூடாங்ல சுங்கை கிம் கிம் ஆத்துல கெமிக்கல் கொட்டுனப்போ 111 பள்ளிக்கூடத்த மூட வேண்டியதா போச்சு, ஆயிரக்கணக்கான பேரு ஆஸ்பத்திரிக்கு ஓடுனாங்க. அப்படி எதாச்சும் பாத்தா தூரமா நின்னு போட்டோ, எடம், நேரம், உடனே 999.

எந்தெந்த எடம்

நாலு எடம் போதும். ஒன்னு, காவாய் கடல்ல விழுற வாய். ரெண்டு, அதுலேருந்து ஒரு 50 மீட்டர் தள்ளி. மூணு, ஜனங்க உண்மையா குளிக்கிற எடம், அதாவது ஞாயித்துக்கெழம எங்க கூட்டமோ அங்க. நாலாவது, ஒப்பிட்டுப் பாக்குறதுக்கு காவாயே இல்லாத சுத்தமான எடம் ஒன்னு வேணும், நாங்க தஞ்சோங் துவான் காட்டு ஓரமா ஒரு எடம் வச்சிருக்கோம். நாலாவது எடம் எதுக்குனு நெறைய பேரு கேப்பாங்க. எல்லா எடத்துலயும் ஒரே நாள்ல நம்பர் ஏறுனா கடலே கலங்கியிருக்குனு அர்த்தம், மூணு எடத்துல ஏறி அது மட்டும் ஏறாம இருந்தா காவாதான். அந்த வித்தியாசத்த காட்ட அந்த ஒரு எடம் வேணும். ஒரு தடவ முடிவு பண்ண எடத்த மாத்தாதீங்க, போன்ல லொக்கேஷன் பின் போட்டு வச்சிக்குங்க, கரையில ஒரு மரமோ கல்லோ அடையாளம் வச்சிக்குங்க.

எப்ப எடுக்கிறது, இதுலதான் எல்லாரும் தப்பு பண்றாங்க

ஒரே எடம், ஒரே நாள், காலையில எடுத்த தண்ணிக்கும் மத்தியானம் எடுத்த தண்ணிக்கும் நம்பர் பத்து மடங்கு கூட மாறலாம். காரணம் மூணு. வெயில் கிருமிய கொல்லும், அதனால பத்து மணிக்கு முன்னாடி எடுங்க. ரெண்டாவது தண்ணி ஏத்தம் வத்தம். தண்ணி ஏறும்போது கடல் தண்ணி உள்ள தள்ளி காவாய அடைச்சு வச்சிக்கும், வத்தும்போது அந்த அடைஞ்ச தண்ணியெல்லாம் ஒன்னா வெளிய வரும். ஒரு வாரம் ஏத்தத்துல எடுத்து அடுத்த வாரம் வத்தத்துல எடுத்தா, ஐயோ அழுக்கு கூடிடுச்சுனு நெனப்போம், கூடுனது அழுக்கு இல்ல, நீங்க போன நேரம்தான் வேற.

இதுக்கு நம்ம வீட்டு நாள்காட்டியே உதவும். தண்ணி ஏத்தம் தெனமும் கிட்டத்தட்ட 50 நிமிஷம் தள்ளிப் போவும், ஆனா அமாவாசையிலயும் பௌர்ணமியிலயும் ஏறக்குறைய அதே மணிக்கு திரும்பி வரும். அதனால நாங்க அமாவாசைக்கு பக்கத்து சனிக்கெழம, பௌர்ணமிக்கு பக்கத்து சனிக்கெழமனு முடிவு பண்ணிட்டோம், ஒரே மணி, ஏறக்குறைய ஒரே தண்ணி மட்டம். சரியான நேரத்த ஜூபெம் (அரசாங்க நில அளவைத் துறை) போடுற டைட் டேபிள்ல பாத்து உறுதி பண்ணிக்குங்க. ஒரு கொற இருக்கு, இந்த நாள்லதான் ஏத்த வத்தம் ரொம்ப பெருசா இருக்கும், தண்ணி மேல வரைக்கும் ஏறி மணல்ல இருக்கிற கிருமியையும் கழுவிட்டு வரும். அதனால வருஷத்துல நாலஞ்சு தடவ அஷ்டமி பக்கமா, ஏத்த வத்தம் சின்னதா இருக்கிறப்பவும் எடுத்து வச்சிக்குங்க, அத தனியா குறிச்சு வைங்க.

மூணாவது மழ. கடசியா எப்ப மழ பெஞ்சுச்சு, எவ்ளோ பெஞ்சுச்சு, இது இல்லாத நம்பர் பாதி நம்பர்தான். மழமானி வாங்கணும்னு இல்ல, நேரான டப்பா ஒன்ன வெட்டவெளியில வச்சு ரூலர்ல அளந்தா மில்லிமீட்டர் கெடச்சிரும், எங்க வீட்டுல பழைய மைலோ டின்னுதான் இருக்கு. நம்ம மேற்கு கரையில மழ அக்டோபர், நவம்பர்ல ஜாஸ்தி, ஏப்ரல்லயும் கொட்டும், அந்த மாசங்கள்ல ஒரு தடவ கூட விட்றாதீங்க.

பைக்குள்ள என்ன வேணும்

உப்பு பாக்குற ரிப்ராக்டோமீட்டர் ஒன்னு, ஆன்லைன்ல நூறு வெள்ளிக்குள்ள (ரிங்கிட்) கெடைக்கும். தெர்மோமீட்டர். உப்புத் தண்ணிக்குனு போட்டிருக்கிற அமோனியா கிட், மீன் தொட்டி கடையில இருக்கும், நல்ல தண்ணிக்கான கிட் வாங்கிட்டு வந்தா கலர் தப்பா காட்டும். ஆக்ஸிஜன் பாக்குற கிட். ஐஸ் பெட்டி, கையுறை, பென்சில், நோட்டு. பென்சில்தான், பேனா ஈரத்துல அழிஞ்சிரும். பிஎச் பேப்பரும் வச்சிக்கலாம், கடல் தண்ணி 8 பக்கத்துலயே நிக்கும், சும்மா மாறாது, மாறுச்சுனா ஆத்து வாய்லதான் மாறும்.

இதுல எனக்கு ரொம்ப புடிச்சது ரிப்ராக்டோமீட்டர். ரெண்டு சொட்டு தண்ணி வச்சு வெளிச்சத்துக்கு நேரா பாத்தா முடிஞ்சது, டிஸ்டில்ட் வாட்டர்ல மொதல்ல சைபர் காட்டுதானு மட்டும் ஒவ்வொரு தடவையும் பாத்துக்குங்க. நம்ம மலாக்கா நீரிணையில உப்பு சாதாரணமா 30 பக்கத்துல இருக்கும், திறந்த பெருங்கடல்ல 35. உங்க எடத்துல 18, 20னு எறங்குச்சுனா அங்க நல்ல தண்ணி, அதாவது காவா தண்ணியோ ஆத்து தண்ணியோ கலந்திருக்கு. கிருமி நம்பர் ஏறி உப்பு எறங்கியிருந்தா காவாய தேடிப் போங்க. கிருமி ஏறியும் உப்பு அப்படியே இருந்தா காவாய திட்டாதீங்க, குளிக்கிற கூட்டம், படகு, மணல், பறவ, இதுல எதோ ஒன்னு. இந்த ஒரு விஷயமே எங்களுக்கு எத்தனையோ வீண் சண்டைய தவிர்த்துச்சு.

ஆக்ஸிஜன் பத்தி ஒரு எச்சரிக்க. ஸ்கூல் புக்குல இருக்கிற 8, 9 மில்லிகிராம் எல்லாம் குளிர் நாட்டு நல்ல தண்ணிக்கு. நம்ம 30 டிகிரி உப்புத் தண்ணியில முழுசா கரைஞ்சாலே லிட்டருக்கு 6 மில்லிகிராம் சொச்சம்தான் நிக்கும். அதனால 6 பாத்து பயப்பட வேணாம். 4க்கு கீழ போனா கவனிங்க, 2க்கு கீழ போனா மீன் திணறும். விடியகாலையிலதான் கொறைஞ்ச நம்பர் வரும், பாசியெல்லாம் ராத்திரி பூரா ஆக்ஸிஜன இழுத்திருக்கும்.

தெளிவு பாக்க படகுத்துறையிலேருந்து வெள்ள தட்டு ஒன்ன கயித்துல கட்டி எறக்குவோம். கண்ணுக்கு மறையுற ஆழம், திரும்ப மேல இழுக்கும்போது தெரியுற ஆழம், ரெண்டையும் கூட்டி பாதி. 1865ல இத்தாலிக்காரரு செக்கி செஞ்சது, இன்னைக்கும் கப்பல்ல அதத்தான் எறக்குறாங்க. தட்டு நெழல் விழுற பக்கமா எறங்கணும், இல்லனா பளபளப்புல கண்ணு ஏமாந்துரும்.

கிருமி சாம்பிள், இத நிதானமா படிங்க

நாங்க லேப்ல கேக்குறது என்டரோகாக்கை, குடல்ல வாழுற ஒரு வக கிருமி. ஈகோலை கிருமிய ஏன் பாக்கலனு கேப்பீங்க, ஈகோலை உப்புத் தண்ணியில சீக்கிரம் செத்துரும், என்டரோகாக்கை கொஞ்சம் தாக்குப் புடிக்கும், அதனால மலக்கழிவு கலந்துச்சானு கடல்ல பாக்க அதுதான் நம்பகமான சாட்சி. சாம்னு சொல்ற அரசாங்க லேப் தர அங்கீகாரம் இருக்கிற லேபா பாத்து போங்க, போறதுக்கு முன்னாடி போன் போட்டு ரெண்டு கேள்வி கேளுங்க. கடல் தண்ணிய எந்த மொறையில பாப்பீங்க, எத்தன மணிக்கு வாங்கிக்குவீங்க. சில மொறையில கடல் தண்ணிய பத்து மடங்கு நீத்துத்தான் பாக்கணும், அப்படி பாத்தா 10க்கு கீழ எண்ணவே முடியாது, ரிப்போர்ட்ல '10க்கு கீழ'னு வரும், அத சைபர்னு எழுதிடாதீங்க.

பாட்டில லேப்லேருந்தே வாங்கிக்குங்க, சுத்திகரிச்ச பாட்டிலு, உள்ள கழுவக்கூடாது. பேர், எடம், தேதி, மணி எல்லாம் காஞ்ச பாட்டில்ல கரையிலயே எழுதிடுங்க. முட்டிக்கு மேல இடுப்புக்குள்ள ஆழத்துல போயி நில்லுங்க, கொஞ்ச நேரம் அசையாம நிக்கணும், நம்ம கால் கலக்குன மணல் அடங்கணும், ஏன்னா மணல்லயே கிருமி ஒளிஞ்சிருக்கும். அல வர்ற பக்கம் பாத்து நின்னு, மூடிய தொறந்து உள்பக்கம் கை படாம புடிச்சிக்கிட்டு, பாட்டில் வாய் கீழ பாக்குற மாதிரி தண்ணிக்குள்ள ஒரு அடி எறக்கி, அங்க திருப்பி, ஒடம்புலேருந்து விலகி முன்னால தள்ளிக்கிட்டே ரொப்புங்க. மேல ஒரு இஞ்சு காலியா விடணும், லேப்ல குலுக்கணும்ல. மேலாக்க மொண்டு எடுத்தா நொர வரும், அடியில எடுத்தா மணல் வரும், அதான் ஒரு அடி. மூடுனதும் ஜிப்பு பைக்குள்ள போட்டு ஐஸ்ல வைங்க, ஐஸ் உருகுன தண்ணியில பாட்டில் மொத்தமா முங்கிக் கிடக்க வேணாம்.

கிருமி பாட்டில்தான் மொதல்ல, மத்த டெஸ்ட்டெல்லாம் அப்புறம், தண்ணிய கலக்கிட்டு எடுத்தா எடுக்காததே மேல்.

எடுத்ததுலேருந்து 6 மணி நேரத்துக்குள்ள, 10 டிகிரிக்கு கீழ, லேப்புக்கு போயி சேரணும். எங்க மொத மாசத்து சாம்பிள் அத்தனையும் வீணாச்சு. காலையில எடுத்துட்டு ஒரு கல்யாண வீட்டுக்கு போயிட்டு சாயங்காலமா கொண்டு போனோம், லேப்ல வாங்க மாட்டேனு சொல்லிட்டாங்க, அவுங்க சொன்னது சரிதான், அத்தன நேரத்துல உள்ளயே கிருமி சாவும், இல்ல பெருகும். இப்ப எடுக்குறது ஒருத்தரு, ஓட்டுறது வேற ஒருத்தரு.

ஒவ்வொரு தடவையும் எதாச்சும் ஒரு எடத்துல ரெண்டு பாட்டில் எடுங்க, ரெண்டுலயும் நம்பர் கிட்டக்கிட்ட வந்தா நம்ம கை சரியா இருக்குனு அர்த்தம். மாசம் ஒரு தடவ சுத்தமான தண்ணிய ஒரு பாட்டில்ல ஊத்தி கூடவே அனுப்புங்க, அதுல கிருமி வந்தா எங்கயோ நம்ம கை பட்டிருக்கு. இதுக்கும் காசு ஆவும்தான், ஆனா ஆபீசர் முன்னாடி பேப்பர வைக்கும்போது இது எப்படி எடுத்தீங்கனு கேட்டா பதில் சொல்ல முடியும்.

நம்பர் வந்தப்புறம்

உலக சுகாதார நிறுவனம் கடற்கரைகள என்டரோகாக்கை கணக்குல நாலா பிரிக்குது. நூறு சாம்பிள்ல 95 சாம்பிள் எந்த நம்பருக்குள்ள அடங்குதோ அத எடுத்துக்குவாங்க, 100 மில்லிக்கு 40க்குள்ள இருந்தா நல்ல தண்ணி, 200 வரைக்கும் பரவால்ல, 500 வரைக்கும் மோசம், அதுக்கு மேல போனா குளிக்கிற பத்து பேர்ல ஒருத்தருக்கு மேல வயிறு கெடுற அளவு ஆபத்து. அமெரிக்காவுல 2012ல வச்ச கணக்கு வேற மாதிரி, 30 நாள் சாம்பிளோட பெருக்கு சராசரி 35க்குள்ள இருக்கணும், அதோட 130ஐ தாண்டுற சாம்பிள் பத்துல ஒன்னுக்கு மேல இருக்கக்கூடாது.

பெருக்கு சராசரினா என்னனு டீச்சரு புள்ளைங்களுக்கு சொல்லித் தந்த கணக்கையே சொல்றேன். நாலு சாம்பிள், 10, 10, 10, 1000. சும்மா கூட்டி வகுத்தா 257, ரொம்ப மோசம்னு தோணும். நாலையும் பெருக்கி நாலாம் மூலம் எடுத்தா 32, பாஸ் பண்ண மாதிரி தெரியும். ஆனா நாலுல ஒன்னு 130ஐ தாண்டிருச்சு, அதனால பெயில்தான். அதான் ஒரே ஒரு நம்பர வச்சு 'பிடி கடல் விஷம்'னு வாட்சாப்ல போடாதீங்கனு சொல்றேன், அதே மாதிரி ஒரே ஒரு நல்ல நம்பர வச்சு சுத்தம்னும் சொல்லாதீங்க. கொறஞ்சது ஒரு வருஷம், இருவது சாம்பிளுக்கு மேல சேந்தாத்தான் ஒரு எடத்த பத்தி வாய தொறக்க முடியும்.

இன்னொன்னு, லேப்ல கிருமி வளர ஒரு நாள் ஆவும். அதாவது உங்க கையில இருக்கிறது நேத்து தண்ணி. இன்னைக்கு புள்ளைங்க எறங்கலாமா வேணாமானு அது சொல்லாது. அத சொல்றது மழதான். எங்க நோட்டுல பெரிய நம்பர் வந்த நாள் எல்லாத்துக்கும் பக்கத்துல மழ எழுதியிருக்கு, மழ விட்டு ரெண்டு மூணு நாள் கழிச்சு எடுத்ததுல எறங்கியிருக்கு. அதனால எங்க குடும்பத்துல இப்ப சட்டம் என்னனா, பலத்த மழைக்கு அப்புறம் மூணு நாள் கடல்ல எறங்குறதில்ல, எப்பவுமே காவா வாய்லேருந்து நூறு தப்படி தள்ளித்தான் எறங்குறது. கால்ல வெட்டுக்காயம் இருந்தா சுத்தமான தண்ணினாலும் வேணாம், சூடான கடல்ல விப்ரியோ கிருமி இருக்கும், புண்ணு வழியா உள்ள போச்சுனா சக்கர வியாதி, ஈரல் வியாதி இருக்கிறவங்களுக்கு உயிருக்கே ஆபத்து.

பஞ்சு டெஸ்ட்

லேப் காசு இல்லாதவங்களுக்கு இது. சோப்புத்தூள்ல துணி வெளுப்பா தெரியறதுக்கு ஒரு சாயம் சேப்பாங்க, அது புற ஊதா வெளிச்சத்துல நீலமா மின்னும், பஞ்சுல நல்லா ஒட்டிக்கும். வெறும் பஞ்ச வல பையில கட்டி சந்தேகமான பைப்பு வாய்ல நாலஞ்சு நாள் தொங்க விடுங்க. எடுத்து நெழல்ல காய வச்சு, இருட்டு ரூம்ல கள்ள நோட்டு பாக்குற யூவி லைட்ட அடிச்சு பாருங்க. மின்னுச்சுனா அந்த பைப்புல வீட்டுத் தண்ணி வருது. பஞ்ச கட்டுறதுக்கு முன்னாடியே ஒரு தடவ லைட்ல பாத்துருங்க, சில பஞ்சு கடையில வாங்கும்போதே மின்னும்.

ஆனா இங்க அவசரப்பட்டு முடிவெடுக்காதீங்க. நம்ம ஊர்ல பழைய வீடுங்கள்ல கக்கூஸ் தண்ணி மட்டும்தான் தொட்டிக்கு போவும், குசினி தண்ணியும் துணி தொவச்ச தண்ணியும் நேரா காவாய்க்குத்தான். அதனால பஞ்சு மின்னுனா சோப்பு தண்ணினு அர்த்தம், மலம்னு அர்த்தம் இல்ல. அந்த பைப்புலயே அமோனியாவும் ஏறி, லேப்ல என்டரோகாக்கையும் ஏறுச்சுனா, அப்ப தொட்டி நெறஞ்சு வழியுதுனு ஓரளவு தைரியமா சொல்லலாம்.

மில்லு தண்ணியா, துரு தண்ணியா

இது என் சொந்த தொழில் சம்பந்தப்பட்டது, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். செம்பன மில்லுலேருந்து வர்ற சுத்தம் பண்ணாத கழிவுல பிஓடி (கழிவ தின்ன கிருமி குடிக்கிற ஆக்ஸிஜன் அளவு) லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் பக்கம் இருக்கும், வீட்டுச் சாக்கட தண்ணி சில நூறுதான், அப்ப கணக்கு போட்டுக்குங்க. வரும்போதே 80, 90 டிகிரி சூடு, பிஎச் 4, 5. அதுல விஷம் எதுவும் சேக்குறதில்ல, பூரா பழத்துலேருந்து வந்த எண்ண, சக்க, சத்துதான். ஆனா அத தின்ன வர்ற கிருமி தண்ணியில இருக்கிற ஆக்ஸிஜன் மொத்தத்தையும் குடிச்சிரும், மீன் மூச்சு முட்டி செத்துரும். அதனாலதான் கொளம் கொளமா வெட்டி வாரக்கணக்குல ஊற வச்சு சுத்தம் பண்றாங்க. 1977 ஒழுங்குமுறையில ஆத்துக்கு விட 100 மில்லிகிராம் வரம்பு, சில எடத்துல லைசன்ஸ்லயே 20னு போட்டுருவாங்க. இதுக்கு நம்ம நாட்டுல 30 டிகிரியில 3 நாள் வச்சு பாக்குற டெஸ்ட்டுதான், புக்குல இருக்கிற 20 டிகிரி 5 நாள் இல்ல, லேப்ல கேக்கும்போது இத மறக்காதீங்க.

ஒழுங்கா நடத்துற மில்லுல பிரச்சன இல்ல. கொளம் தூர் வாராம வண்டல் ஏறி, அதுக்கு மேல பெரிய மழ கொட்டுனா வழியும். வாய்க்கா கரும்பழுப்பா மாறும், புளிச்ச வாட வரும், நொர மெதக்கும், மீன் மேல வந்து வாய தொறக்கும். அப்ப மொதல்ல ஆக்ஸிஜன அளங்க, அப்புறம் போட்டோ, அப்புறம் வாய்க்கா மேலாக்க கொஞ்ச தூரம் போயி எங்க நெறம் மாறுதுனு பாருங்க. அந்த எடம்தான் ரிப்போர்ட்டுக்கு முக்கியம். தோட்ட வேலிக்குள்ள அனுமதி இல்லாம நொழைய வேணாம், ரோட்டு பாலத்துலேருந்தே பாக்கலாம்.

வாய்க்கா மேல வானவில் மாதிரி படலம் இருந்தா உடனே டீசல்னு கத்தாதீங்க. ஒரு குச்சியால கலச்சு விடுங்க. கண்ணாடி ஒடஞ்ச மாதிரி துண்டு துண்டா பிரிஞ்சு அப்படியே நின்னா அது இரும்பு கிருமி செய்யிற படலம், தோட்டத்து வாய்க்கால்ல ரொம்ப சகஜம், கெடுதல் இல்ல. கலச்சதும் சுத்திக்கிட்டு திரும்ப ஒட்டிக்கிச்சுனா அது எண்ண.

கூப்பாங், கேராங் (சிப்பி வகைங்க) வாங்குறவங்களுக்கு

பாசி பெருகி கடல் செவப்பாவோ பழுப்பாவோ மாறுறது உண்டு, சபாவுல 1976லேருந்தே இதுக்கு ஆள் பலியாயிருக்கு. நம்ம பக்கமும் வராம இல்ல, 2024 ஏப்ரல்ல பிடி கூப்பாங்க சாப்பிட வேணாம்னு மீன்வளத்துறை அறிவிச்சுச்சு. கூப்பாங் தண்ணிய வடிகட்டி சாப்பிடுற பிராணி, பாசி விஷத்த ஒடம்புல சேத்து வச்சுக்கும், ஆனா அதுக்கு ஒன்னும் ஆவாது. எவ்ளோ நேரம் அவிச்சாலும், எலுமிச்ச புழிஞ்சாலும் அந்த விஷம் போவாது. தண்ணி தெளிவா இருக்கேனு நம்பவும் முடியாது. தட வந்தா தட எடுக்குற வரைக்கும் வாங்காதீங்க, சாப்பிட்டு ஒதடு மரத்துப்போனா, வெரல் நுனி ஊசி குத்துற மாதிரி இருந்தா கை வைத்தியம் பாக்காம நேரா எமெர்ஜென்சிக்கு போங்க, மூச்சு நிக்கிற அளவுக்கு போவும்.

யார கூப்பிடணும்

தப்பான ஆபீசுக்கு போன் போட்டா அவுங்க இவுங்கள காட்டுவாங்க, இவுங்க அவுங்கள காட்டுவாங்க, அதுக்குள்ள தண்ணி கடலுக்கு போயிரும். மில்லு, பேக்டரி, கெமிக்கல்னா ஜபாத்தான் ஆலாம் செகித்தார் (சுற்றுச்சூழல் துறை), 1-800-88-2727. கட பின்பக்க எண்ண தண்ணி, குப்பனா மஜ்லிஸ் (நகராட்சி). சாக்கட ப்ளாண்ட், மேன்ஹோல் வழியுதுனா இண்டா வாட்டர் (சாக்கட கம்பெனி). கடல்ல கப்பல் எண்ணனா மரைன் போலிஸ், மாரிடைம் (கடல் காவல் அமலாக்கப் படை). மீன் செத்து மெதந்தா மீன்வளத்துறையும் ஆலாம் செகித்தாரும் ரெண்டும். குளிச்சவங்க நெறைய பேருக்கு ஒடம்பு முடியாம போனா மாவட்ட சுகாதார ஆபீஸ்.

புகார்ல கோவத்த எழுதாதீங்க. எடத்தோட பின், நேரம், நெறம், வாட, தண்ணி ஏறுதா வத்துதா, கடசி மழ எப்ப, போட்டோ மூணு, இவ்ளோதான். யாரு செஞ்சாங்கனு பேர போடாதீங்க, நீங்க கண்ணால பாத்தத மட்டும் எழுதுங்க. நாம எடுத்த சாம்பிள் அவுங்கள வர வைக்கத்தான், கேசுக்கு வேணும்னா அவுங்க ஆள் வந்து எடுக்கணும், அதனால பாத்த நிமிஷமே கூப்பிடணும். சட்டத்துக்கு பல்லு இருக்கு, 1974 சுற்றுச்சூழல் சட்டத்த 2024ல திருத்துனப்போ உச்ச அபராதம் 10 மில்லியன் வெள்ளி வரைக்கும் போயிருக்கு. புகார் நம்பர கேட்டு வாங்கி நோட்டுல எழுதுங்க, ஒரு வாரத்துல திரும்ப கூப்பிடுங்க.

நம்ம பக்கம்

நாங்க வரைஞ்ச படத்துல பாதி பைப்பு நம்ம ஆளுங்க வீட்டுதுதான், இத சொல்ல எனக்கு கஷ்டமாத்தான் இருக்கு. கக்கூஸ் தொட்டிய ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா எறைக்கணும், வீடு வாங்குனதுலேருந்து தொட்டி மூடியவே தொறக்காதவங்க இருக்காங்க. அடுத்தது மாடு. மாட்டுச் சாணிலயும் இதே என்டரோகாக்கைதான், வாய்க்கா ஓரத்துல கட்டாம ஒரு இருவது அடி தள்ளிக் கட்டி, சாணிய குமிச்சு ஓல போட்டு மூடி வச்சா மழையில போவாது, கத்திரிக்கா செடிக்கு ஒரமும் ஆச்சு. எங்க பக்கத்துல ஒரு மாமா நாங்க சொன்னதும் ஒரே வாரத்துல பட்டிய மாத்திட்டாரு, அவரு செஞ்சத நான் இன்னும் நெனச்சுக்கிட்டே இருக்கேன். செம்பனைக்கு ஒரம் போடுறவங்க வானம் கருத்திருக்கிற நாள்ல போடாதீங்க, வாய்க்கா ஓரத்து ரெண்டு நெரைக்கு ஒரமும் வேணாம் மருந்தும் வேணாம், புல்லு அப்படியே நிக்கட்டும், அந்த புல்லுதான் மண்ணையும் ஒரத்தையும் புடிச்சு நிறுத்துது.

கடற்கரையில காரியம் செய்யிறப்போ அஸ்தியும் பூவும் போதும். பானைய கரையிலயே ஒடைங்க, துணி, பிளாஸ்டிக் பை, படம், கண்ணாடி சட்டம் எல்லாத்தையும் திரும்ப கார்ல ஏத்திக்குங்க. எங்க அப்பாவுக்கு செஞ்சப்போ ஐயர் கிட்ட முன்னாடியே பேசி, துணிய கடல்ல விடாம வேண்டியவங்களுக்கு குடுத்தோம். எந்தக் கொறையும் வரல.

கடசியா போர்டு. கோயில் வாசல்லயும் தமிழ்ப்பள்ளி கேட்லயும் ஒரு தாள் ஒட்டுறோம், கடசி நாலு சாம்பிளோட தேதி, மழ, உப்பு, நம்பர், கீழ தமிழ்லயும் மலாய்லயும் 'மழ பெஞ்சா மூணு நாள் எறங்காதீங்க'னு ஒரு வரி. லீவுக்கு ஒரு வாரம் முன்னாடியே புதுசு மாத்திருவோம். அடுத்த சாம்பிள் வர்ற அமாவாசைக்கு பக்கத்து சனிக்கெழம, காலையில ஏழர மணிக்கு காவா வாய்ல நிப்போம், பூட்ஸ் போட்டுக்கிட்டு வாங்க, பாட்டில் நாங்க கொண்டு வர்றோம்.